கூடாரத்தில் சொன்ன பெயர்

கீழூரில் யாராவது புதிதாக வந்து இறங்கினால், அவர் பஸ்ஸிலிருந்து இரண்டாவது காலைத் தரையில் வைப்பதற்குள் எதற்காக வந்திருக்கிறார் என்று மூன்று கதை கிளம்பிவிடும். மூன்றும் கெட்ட கதையாகத்தான் இருக்கும். நல்லது செய்ய ஒருவர் பஸ் ஏறி வருவார் என்பதை அந்த ஊர் எந்தக் காலத்திலும் ஒப்புக்கொண்டதில்லை.

அன்றைக்கு இறங்கியவர் தோளில் ஒரு தோல்பையும் கையில் தடிமனான நோட்டும் வைத்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய சாதுவான மனிதர். மாவட்டம் உண்டாகி நூறு வருஷம் ஆகப்போகிறதாம். அதிலுள்ள அறுபத்துநான்கு ஊர்களும் எப்போது உண்டாயின, முதலில் யார் வந்து குடியேறினார்கள், பெயர் எப்படி வந்தது என்று அரசாங்கம் ஒரு புத்தகம் போடுகிறதாம். அதற்கு விவரம் சேகரிக்க வந்தாராம். இதையெல்லாம் மளிகைக் கடை வாசலில் நின்று சத்தமாகவே சொன்னார். அங்கேதான் தப்புச் செய்தார். ஒருவன் இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் பேசினால் எதையோ மறைக்கிறான் என்பது கீழூரின் கணக்கு.

"நூறு வருஷமா கேக்காத பேரை இப்போ எதுக்குக் கேக்கறான்?" என்றார் மளிகைக்கடைக்காரர், அவர் தலை மறைந்ததும். கடைக்காரருக்கு ஊரில் 'நோட்டம்' என்று பெயர். எடைபோடும்போதுகூட ஒரு கண் தராசிலும் ஒரு கண் தெருவிலும் இருக்கும். "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான். முதல்ல பேரைக் கேப்பான். அப்புறம் பட்டாவைக் கேப்பான். அதுக்கப்புறம் நம்மளை எழுந்திருங்கன்னு சொல்லுவான்."

எதிர்வீட்டு முன்னறையில் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த தையல்காரியின் காதில் இது விழுந்தது. அவள் காலை நிறுத்தவில்லை. ஆனால் மனசு நின்றுவிட்டது. ஊர்ப்பெயரைக் கேட்க ஒரு ஆள் வந்திருக்கிறார் என்றால், அந்த ஆளுக்குச் சொல்ல வேண்டிய முழு விஷயமும் தெரிந்த ஒரே ஜீவன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவள்தான்.

விஷயம் இதுதான். அவள் பிறந்தது நாலு மைல் தள்ளி மலையடிவாரத்தில் இருக்கும் மேலூரில். வாழ்க்கைப்பட்டது கீழூரில். மேலூர், கீழூர் என்பது வாய்ப்பேச்சு. காகிதத்தில் மேலூருக்கு 'உப்புக்கிணறு' என்று பெயர், கீழூருக்கு 'ஒற்றைப்பாறை' என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், யானை படுத்த மாதிரி ஒரே ஒரு பாறை நிற்பது மேலூரில். வாயில் வைக்க முடியாத உப்புக்கிணறு இருப்பது கீழூரில். கண்ணுள்ள எவனுக்கும் பெயர் இடம் மாறிக் கிடப்பது தெரியும். ஆனாலும் யாராவது வெளியாள் கேட்டால் இரண்டு ஊரிலும் பதில் தயாராக இருந்தது. "எங்க பாறையை உடைச்சுத்தான் வீடெல்லாம் கட்டினாங்க" என்பார்கள் கீழூரில். "எங்க உப்புக்கிணத்தை அப்பவே தூர்த்துட்டாங்க" என்பார்கள் மேலூரில்.

உண்மையை அவளுக்குப் பாதி அவள் அப்பா சொன்னார். நூறு வருஷத்துக்கு முன்னால் நிலம் அளக்க வந்த கூட்டத்தில், சங்கிலி பிடித்தவர்கள் ஊரூராக நடந்தார்கள். ஆனால் பெயர் எழுதும் குமாஸ்தா ஆற்றங்கரையில் கூடாரம் அடித்து உட்கார்ந்துகொண்டார். வெயிலில் நடக்க அவருக்கு இஷ்டமில்லை. ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஆளைக் கூப்பிட்டு, ஊர்ப்பெயர் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டார். உப்புத்தண்ணீர் ஊருக்கு நிலவரி பாதிதான் என்று மேலூர்க்காரர்கள் எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார்கள். உடனே கூடி, "நாங்கதான் உப்புக்கிணறு" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கடைசியில் மட்டும் குரலைத் தாழ்த்தி, "பாவம், அவங்க பேரை நாம பிடுங்கிக்கிட்டோம். கீழூர்க்காரன் காதுல விழுந்தா வெட்டுப்பழி ஆயிடும்" என்பார்.

மறுபாதியை மாமியார் சொன்னார், கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே. உப்புக்கு வரி போடப்போகிறார்கள், உப்புக்கிணறு வைத்திருக்கிறவன் தொலைந்தான் என்று அன்றைக்குக் கீழூரில் ஒரு பேச்சு. அதனால் இவர்களும் கூடாரத்துக்குப் போய், "எங்க ஊர் ஒற்றைப்பாறை" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தார்களாம். "மேலூர்க்காரங்களுக்குத் தெரிஞ்சா சும்மா விடுவாங்களா? உன் பொறந்த வீட்டுல மூச்சு விட்டுடாதே" என்றார் மாமியார்.

அவளுக்கு அன்றைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு ஊரும் ஒரே பொய்யைத் திருப்பிச் சொல்லியிருக்கிறது. தாங்கள்தான் மற்ற ஊரை ஏமாற்றினோம் என்று இரண்டு ஊரும் நூறு வருஷமாகக் கூசிக்கொண்டும் பயந்துகொண்டும் இருக்கிறது. சொன்னால் இரண்டு பக்கமும் அடி விழும், மத்தளம் மாதிரி. அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இப்போது வாயைத் திறக்க ஒரு காரணம் வந்திருந்தது. குடிநீர் வாரியம் ஆற்றிலிருந்து நல்ல தண்ணீர்க் குழாய் போடப்போகிறது. எந்த ஊருக்கு? 'உப்புக்கிணறு' என்று உத்தரவில் போட்டிருந்தது. அதாவது, பாறை இடுக்கிலிருந்து கற்கண்டு மாதிரி ஊற்றுத்தண்ணீர் கொட்டும் மேலூருக்கு! குழாய்களையெல்லாம் கொண்டுவந்து மேலூர் எல்லையில் அடுக்கியாகிவிட்டது. கீழூர் மனுப்போட்டதற்கு, "தங்கள் ஊர் நீர் பரிசோதனையில் மிகச் சுவையானது எனத் தெரிகிறது" என்று பதில் வந்தது.

அந்தப் பதிலுக்கும் கீழூரேதான் காரணம். கீழூரில் எல்லா வீட்டிலும் 'விருந்தாளி குடம்' என்று ஒன்று உண்டு. லாரியில் வரும் நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கி மூடி வைத்திருப்பார்கள். வெளியாள் வந்தால் அதிலிருந்துதான் தண்ணீர், அதில்தான் டீ. தங்கள் தண்ணீர் உப்பு என்று அடுத்தவன் நாக்கு அறிந்துவிடக் கூடாது. போன வருஷம் தண்ணீரைப் பரிசோதிக்க ஒருவர் பாட்டிலோடு வந்தார். கிணற்றுக்கு சீல் வைக்கத்தான் வந்திருக்கிறார் என்று நோட்டம் மோப்பம் பிடித்துச் சொல்ல, அவர் அசந்த நேரம் பார்த்து அந்தப் பாட்டிலையும் விருந்தாளி குடத்திலிருந்தே நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். சொந்தக் கையால் தன் கண்ணில் குத்திக்கொள்வதற்கும் ஒரு திறமை வேண்டும்.

தையல்காரியின் புருஷன் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவருக்குச் சிறுநீரகத்தில் கல். இரண்டு தரம் அறுத்து எடுத்தாகிவிட்டது. மூன்றாவது தரம் வந்தால் ஒரு பக்கத்துச் சிறுநீரகத்தையே எடுக்க வேண்டியிருக்கும், தண்ணீரை மாற்றுங்கள் என்றார் டாக்டர். லாரிக்காரன் வீட்டுக்கு வாரத்துக்கு இரண்டு குடம்தான் தருவான். அவர் வலியில் சுருண்டு, ரிம்மைக் கையில் பிடித்தபடியே கடைத்தரையில் படுத்துக்கிடந்ததை அவள் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். மூன்றாவது தடவை பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

மறுநாள் அவள் புத்தக ஆபீசரைத் தேடிப்போனாள். அவர் பள்ளிக்கூடத்து அறையில் தங்கியிருந்தார். எல்லாவற்றையும் கொட்டினாள். ஆபீசர் நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"அம்மா, வாரியத்துல பழைய பதிவேட்டை வச்சுத்தான் வேலை நடக்குது. அதுல உப்புத்தண்ணி ஊருன்னு ஒண்ணுதான் இருக்கு. அது எதுன்னு என் புத்தகத்துப் பக்கம் சொல்லிட்டா குழாய் அங்கே திரும்பிடும். ஆனா எனக்கு ஒரு விதி. ரெண்டு ஊரிலேயிருந்தும் ஒவ்வொருத்தர் தனித்தனியா இதே கதையைச் சொல்லிக் கையெழுத்துப் போடணும். அந்தந்த ஊர்ல பொறந்து அங்கேயே இருக்கறவங்களா இருக்கணும்."

"நான் போடறேன் சார்."

"நீங்க பொறந்த ஊர்ல இல்லே. இருக்கற ஊர்ல பொறக்கலே."

அவளுக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷமாக ஊர் சொல்லாமல் சொன்னதை இந்த மனிதர் விதியாகவே படித்துவிட்டார்.

"மாசக் கடைசியில நான் போயிடுவேன். அதுக்குள்ள ரெண்டு கையெழுத்து" என்றார் ஆபீசர்.

அவள் அண்ணன் மேலூரில் மாவு மில் வைத்திருந்தான். இரண்டு ஊர்த் தானியமும் அங்கேதான் அரைபடும். மில்லுக்குப் பின்னால் அரை ஏக்கர் அவள் பெயரில் இருந்தது, அப்பா கொடுத்தது. மூட்டைகளை அடுக்கக் கிட்டங்கி கட்ட அந்த இடம் அண்ணனுக்கு ரொம்பவும் உதவும் என்று ஊருக்கே தெரியும். ஆனால் ஒரு நாளும் அவன் வாயைத் திறந்து கேட்டதில்லை. கேட்காதவனைப் பற்றித்தான் ஊர் அதிகம் பேசும்.

அவள் பையில் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரோடு போனாள். அண்ணியிடம் பேசிக்கொண்டே அடுப்படிக்குப் போய் டீ போட்டாள். பால் திரிந்துபோனது. வடிகட்டி அப்படியே ஆளுக்கொரு டம்ளர் நீட்டினாள். அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடித் துப்பினான்.

"என்ன பாப்பா இது? பால் கெட்டுப்போச்சா?"

"எங்க வீட்டுப் பால் கெடாது" என்றாள் அண்ணி முகத்தைச் சுளித்து.

"பால் நல்ல பால்தான் அண்ணி. தண்ணிதான் எங்க ஊர்த் தண்ணி."

"உங்க வீட்டுக்கு எத்தனை தடவை வந்து குடிச்சிருக்கேன்? நல்லாத்தானே இருக்கும்?"

"அது விருந்தாளி குடம், அண்ணா. உனக்கு வச்சது. நான் குடிக்கறது இது."

அண்ணன் டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள். கூடாரம், அப்பா சொன்னது, மாமியார் சொன்னது. கீழூரும் அதே பொய்யைச் சொன்னது என்று கேட்டதும் அண்ணனுக்குச் சிரிப்பு வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, அப்புறம் சட்டென்று முகம் மாறிவிட்டது.

"உன்னை யாரு அனுப்பினா? உன் வீட்டுக்காரரா, நோட்டமா?"

"யாரும் அனுப்பலே."

"நாங்க உப்புக்கிணறு இல்லேன்னு எழுதிக்குடுத்தா, நூறு வருஷமா எதுக்குக் குறைச்ச வரி கட்டினேன்னு கேப்பான்."

"மண்ணைப் பார்த்து வரி போட ஆரம்பிச்சு அம்பது வருஷமாச்சாம். ஆபீசர் சொன்னார்."

"அவர் சொல்லுவார். வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்பச் சொல்றியா?" என்று சொன்னவன், கையிலிருந்த திரிந்த டீயைப் பார்த்துத் தானே கொஞ்சம் சிரித்தான்.

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை. பாட்டிலை மூடிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். அண்ணன் செருப்பை மாட்டினான்.

"இருபத்திரெண்டு வருஷமா இதையா குடிக்கறே? ஒரு வார்த்தை சொன்னதில்லையே, பாப்பா" என்றான். "வா, அந்த ஆளைப் பார்க்கலாம்."

அவ்வளவுதான். பேரம் இல்லை, நிபந்தனை இல்லை. பள்ளிக்கூடத்து அறையில் அவன் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டான். அவளுக்குப் பெருமையாக இருந்தது. இந்த உலகத்தில் சும்மா ஒரு காரியம் செய்கிற ஆள் ஒருவன் உண்டு, அவன் என் அண்ணன் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது என்றுதான் நினைத்தாள். மறுபாதி வீட்டுக்குள்ளேயே இருந்தது.

"உங்க அண்ணன் கையெழுத்துப் போட்டாரா? எதுக்கு?" என்றார் அவள் புருஷன், டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்தி ஓட்டை தேடிக்கொண்டே.

"நமக்குத் தண்ணி வரணும்னுதான்."

"நமக்குத் தண்ணி வந்தா அவருக்கு என்ன லாபம்?"

"லாபம் ஒண்ணும் இல்லீங்க. சும்மாதான்."

"சும்மா" என்று அந்தச் சொல்லை அவர் டியூபைப் போலவே திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயோ காற்று இறங்குகிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை என்ற பார்வை. "வாசல் வரைக்கும் வந்த குழாயை ஒருத்தன் சும்மா விட்டுக்குடுப்பானா?"

ஊரிலும் இதே கேள்விதான். நோட்டத்தின் கடையில் ஒரு மந்திரிசபையே கூடியது. மேலூர்க்காரன் வேண்டாம் என்கிறான் என்றால் அந்தக் குழாய்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்றது ஒரு கட்சி. உப்புவரி திரும்ப வருகிறது, அதை நம் தலையில் கட்டப் பார்க்கிறான் என்றது இன்னொரு கட்சி. "கேழ்வரகுல நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்கு மதி எங்கே போச்சு?" என்றார் நோட்டம். "என்ன இருந்தாலும் அது மேலூர்ப் பொண்ணு. தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்."

அவள் வீடு வீடாகப் போனாள். அளவு கொடுத்த ரவிக்கையைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் பேசிப்பார்த்தாள். எல்லோரும் நன்றாகக் கேட்டுக்கொண்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் அவளுக்கு விருந்தாளி குடத்திலிருந்து தண்ணீர் வந்தது. அதை வாயில் வைத்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷத்துக்கப்புறம் அவள் வெளியாள் ஆகிவிட்டாள். அழுகை வந்தது. இனிப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்தாள்.

மாசக் கடைசி வந்தது. ஆபீசர் பையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குப் போகிற வழியில் சைக்கிள் கடையில் வந்து உட்கார்ந்தார். அதற்கு முன்னால் கீழூரில் பதினோரு பேரைக் கேட்டிருந்தார். பதினோரு பேரும் பாறையை உடைத்து வீடு கட்டின கதையைச் சொல்லியிருந்தார்கள். இனி இருப்பது ஒருவர்தான்.

நோட்டை விரித்து வைத்தார். "உங்க அம்மா இவங்ககிட்டே சொன்ன கதைதான் ஐயா. உண்மைன்னா ஒரு கையெழுத்து."

கடை வாசலில் ஏழெட்டுப் பேர் வேலையில்லாமல் நின்றார்கள். நோட்டம் ஒரு பழைய மிதிகட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேட்கிறவர் மாதிரி நின்றார். புருஷன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார். துடைத்தது போதும் என்ற பிறகும் துடைத்தார். அண்ணனின் கையெழுத்தைக் கிட்ட வைத்துப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

"கடைசியாக் கேக்கறேன். உங்க அண்ணன் எதுக்காகப் போட்டான்?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவள் அண்ணனை 'ன்' போட்டுப் பேசியதில்லை. அவள் அவரைப் பார்த்தாள். வயிற்றுப் பக்கம் ஒரு கையை அவர் அழுத்திப் பிடித்திருந்தார். தன்னையறியாமல் பிடித்திருந்தார். பஸ் ஹாரன் அடித்தது. ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என் அரை ஏக்கரை எழுதிக்குடுத்துட்டேன்" என்றாள் அவள்.



"என்னைக் கேக்காமலா?" என்று புருஷன் ஒரு சத்தம் போட்டார். ஆனால் சத்தம் போடும்போதே அவர் முகம் தெளிந்துவிட்டது. வாசலில் நின்ற அத்தனை முகமும் தெளிந்தது. ஒரு மாசமாக அந்த ஊருக்கு இருந்த தலைவலி ஒரு நொடியில் போன மாதிரி இருந்தது. "அதானே பார்த்தேன்!" என்றார் நோட்டம், மிதிகட்டையைக் கீழே போட்டு. "கிட்டங்கிக்கு அந்த இடத்துமேல அவனுக்கு எத்தனை வருஷமா கண்ணு! சரி, அவன் விலையை வாங்கிட்டான். இனிமே பயமில்லை. போடுப்பா கையெழுத்தை."

புருஷன் போட்டார். அவரைப் பார்த்து வாசலில் நின்றவர்களில் இரண்டு பேர் தாங்களாகவே வந்து போட்டார்கள். ஆபீசர் ஓடிப்போய் பஸ் ஏறினார்.

அன்றைக்கு அவள் சாப்பிடாமலே தட்டைக் கழுவி வைத்தாள். ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தது. எதை வைத்து ஜெயித்தோம் என்பதும் தெரிந்தது.

பொய்க்கு நாலு மைல் ஒரு தூரமா? மறுநாளே அரைக்கப் போன தானியத்தோடு மேலூருக்குப் போய்ச் சேர்ந்தது. வாசலுக்கு வந்த குழாயைத் தங்கச்சியின் நிலத்துக்கு விற்றுவிட்டான் என்று மேலூர் கொதித்தது. அண்ணன் இல்லவே இல்லை என்றான். இல்லை என்று இவ்வளவு அடித்துச் சொன்னால் நிச்சயம் இருக்கிறது என்பது மேலூரின் கணக்கு. அந்த விஷயத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே வாத்தியார். மேலூர்த் தானியம் டவுன் மில்லுக்குப் போக ஆரம்பித்தது.

பத்தாம் நாள் அண்ணன் வந்தான். வாசற்படி ஏறவில்லை.

"ஏன் பாப்பா அப்படிச் சொன்னே?"

"சும்மா போட்டேன்னு சொன்னா யாரும் நம்பலே, அண்ணா."

"என் ஊர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லிடு. சும்மாதான் போட்டார்னு."

அவள் உள்ளே எட்டிப்பார்த்தாள். புருஷன் படுத்திருந்தார். "உத்தரவு இன்னும் கையில வரலே. இப்போ அங்கே வந்து மாத்திச் சொன்னா இங்கே போட்டவங்க கையெழுத்தை வாபஸ் வாங்கிடுவாங்க. குழாய் வந்து சேரட்டும். அடுத்த நாளே வந்து சொல்றேன்."

"அடுத்த நாள் சொன்னா எவன் நம்புவான்?" என்றான் அண்ணன். குடிக்கத் தண்ணீர்கூட வாங்காமல் போய்விட்டான்.

குழாய் வந்து சேர நாலு மாசம் ஆனது. மேலூர் எல்லையில் அடுக்கியிருந்ததை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து கீழூரில் இறக்கினார்கள். முதல் நாள் தண்ணீரை ஊரே குடித்துப் பார்த்து, கொஞ்சம் மருந்து வாடை வருகிறதே, எதற்கு என்று சந்தேகப்பட்டது. புருஷன் மூன்று சொம்பு குடித்தார். "நல்ல தண்ணி" என்றார். பிறகு, "அரை ஏக்கர் தண்ணி" என்றார்.

அடுத்த நாளே அவள் மேலூருக்குப் போனாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மில் வாசலில், தெருமுனையில், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொன்னாள்: நான் சொன்னது பொய், அண்ணன் ஒன்றும் வாங்கவில்லை, நிலம் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. எல்லோரும் தலையாட்டினார்கள். காரியம் முடிந்ததும் அண்ணன் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறான், பிள்ளை பாவம் என்று அவள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள்.

கடைசியில் அண்ணி அவளை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"என்கிட்டேயாவது நிஜத்தைச் சொல்லு. பத்திரத்தை எங்கே வச்சிருக்கார்?"

"அண்ணி! அன்னைக்கு நீங்க இங்கேயேதானே இருந்தீங்க? டீயைக் குடிச்சார், எழுந்து வந்தார், போட்டார். உங்க கண்ணால பார்த்தீங்களே!"

"பார்த்தேன். அதான் எனக்குச் சந்தேகமே. ஒரு வாய் டீயில மனசு மாறற ஆளா இவர்? இருபத்தஞ்சு வருஷமா எனக்குத் தெரியாதா?"

திரும்பிப் பார்த்தால் அண்ணன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறான். மில் ஓடவில்லை; வீடு அமைதியாக இருந்தது. அவன் கோபப்படவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னான்.

"எழுதிக் குடுத்துடு, பாப்பா. வாங்காமலே வாங்கினவன் ஆயிட்டேன். கிட்டங்கியாவது கட்டிக்கறேன்."

அவள் சரி என்றாள். சரி என்பதைத் தவிர அவளுக்கு என்ன சொல்ல உரிமை இருந்தது? அரை ஏக்கர் போகிறதே என்று அவளுக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. அவன் கேட்டுவிட்டானே என்றுதான் நெஞ்சு எரிந்தது. கேட்க வைத்தவளும் அவள்தான்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் நல்ல கூட்டம். அண்ணனும் தங்கையும் ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெயரைக் கூப்பிட்டார்கள். பதிவாளர் காகிதத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"கிரயமா, தானமா?"

"தானம்" என்றாள்.

"பணம் ஏதும் கைமாறலையே?"

"இல்லே சார்."

பதிவாளர் அவளையும் பார்த்தார், அண்ணனையும் பார்த்தார். தினமும் அண்ணன் தம்பிகளையும் அக்கா தங்கைகளையும் பார்த்துப் பார்த்துப் பழுத்த கண்.

"அம்மா, கேக்கறது என் கடமை. பயப்படாமச் சொல்லுங்க. உங்க அண்ணன் மிரட்டியோ, ஏதாவது ஆசைகாட்டியோ இதை வாங்கலையே? நீங்களா மனசார, சும்மாதான் குடுக்கறீங்களா?"

"நானா, சும்மாதான் குடுக்கறேன்" என்றாள்.

பதிவாளர் நம்பினாரா என்று அவள் கவனிக்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினாள். அவன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போடும் வரைக்கும் அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.